சைக்கிள் கேள்வி – பதில்: போத்தலுக்குள் எத்தனை கிராம்?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை. நெடுந்தூரம் சைக்கிள் ஓடும்போது எதைக் குடிப்பது, எதை மெல்லுவது, வீட்டில் எப்படிச் செய்வது என்ற கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு விடிய 5 மணிக்கு நண்பர்களோடு காலிக்குப் புறப்படுவேன். பெந்தோட்டை வரை ஒரு குறையும் இல்லை. அம்பலாங்கொடை தாண்டியதும் கால் விழுந்துபோகிறது, கண் மங்குகிறது, பக்கத்தில் வருபவர் கதைத்தாலே எரிச்சல் வருகிறது. வழியில் இரண்டு கதலிப்பழமும் தண்ணீரும்தான். எனக்கு உடம்பில் பலம் போதாதா?
– வாசகர், வெள்ளவத்தை

பலத்தில் குறையில்லை, கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் காபோவைதரேற்று, அதாவது மாவும் சீனியும் தரும் சத்து, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். குழுவோடு ஓரளவு வேகமாக ஓடும்போது மணிக்கு 100 கிராம் வரை எரியும். அம்பலாங்கொடைக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். இரவு முழுக்க நித்திரையில் ஈரலின் இருப்பில் கணிசமான பங்கு செலவாகிவிடும், அதை நிரப்பாமல் வெறும் வயிற்றோடு புறப்பட்டிருப்பீர்கள். சிறிய கதலிப்பழம் ஒன்றில் 15 முதல் 20 கிராம், இரண்டுக்கும் சேர்த்து நாற்பதைத் தாண்டாது. கால் விழுவது தசையின் இருப்புக் குறைவதால். கண் மங்கலும் எரிச்சலும் இரத்தத்தில் சீனி இறங்குவதால், ஏனென்றால் மூளை பெரும்பாலும் அதை நம்பித்தான் வேலை செய்கிறது.

இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு மணிக்கு 60 கிராம் காபோவைதரேற்று என்று தொடங்குங்கள். பழகிய பிறகு 90 வரை போகலாம். பசி வரட்டும் என்று காத்திருப்பதுதான் பலரும் விடும் பிழை. பசி தெரியும்போது ஏற்கெனவே பிந்திவிடும். வெள்ளவத்தைப் பாலம் கடந்து 20 நிமிடத்தில் முதல் மிடறு உள்ளே போகவேண்டும். பிறகு 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் அடிக்கட்டும், ஒவ்வொரு அடிக்கும் 20 கிராம்.

இதற்குச் சமையலறைச் சீனியே போதும். 750 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு எடுங்கள். ஒன்றில் 120 கிராம் சீனி, 2 கிராம் உப்பு, அரைத் தேசிக்காயின் புளி. மற்றதில் வெறும் தண்ணீர். இரண்டையும் மாறி மாறிக் குடித்து இரண்டு மணி நேரத்தில் முடியுங்கள். தனியாகப் பார்த்தால் சீனிப் போத்தல் 16 வீதம், வயிற்றுக்குக் கனமானதுதான். தண்ணீரோடு சேர்ந்ததும் மொத்தம் 8 வீதத்துக்கு இறங்கும், அந்த அளவு இரைப்பையை விட்டு இலகுவாக இறங்கும். வெயில் ஏறும்போது தண்ணீரைக் கூட்டலாம், சீனியைக் குறைக்கத் தேவையில்லை. ஒரே போத்தலில் கலப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இன்னும் 120 கிராம் சீனியையும் 2 கிராம் உப்பையும் சிறிய பொலித்தீன் பையில் முன்கூட்டியே நிறுத்துக் கட்டி, ஜேர்சியின் பின் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெந்தோட்டையில் தண்ணீர் வாங்கிக் கரைத்தால் காலி வரை கணக்குச் சரி. கரண்டிக் கணக்கை நம்பவேண்டாம். மட்டமாக வழித்த மேசைக்கரண்டிக்கும் கூம்பாக அள்ளியதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசுதான் இந்த விளையாட்டில் முதலில் வாங்கவேண்டிய பொருள்.

காலை 4 மணிக்குக் கால் றாத்தல் பாணும் இரண்டு மேசைக்கரண்டி ஜாமும், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 75 கிராம். தேங்காய்ச் சம்பலும் பருப்பும் அன்றைக்கு வேண்டாம். தேங்காயின் கொழுப்பும் பருப்பின் நாரும் இரைப்பையில் நெடுநேரம் தங்கும்.

பாமசியில் விற்கும் குளுக்கோஸ்தான் நேரே இரத்தத்தில் சேரும், சீனி கூடாது என்கிறார்கள். மணிக்கு 100 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். இரண்டாவது மணியில் வயிறு ஊதி, சத்தி வந்துவிட்டது. எது சரி?
– வாசகர், கொட்டாஞ்சேனை

சீனிதான் சரி. குளுக்கோஸ் வேகமாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் சிறுகுடலில் அது உள்ளே போகும் வாசல் ஒன்றுதான், மணிக்கு ஏறக்குறைய 60 கிராமோடு அந்த வாசல் நிரம்பிவிடும். மிச்சம் 40 கிராமும் குடலிலேயே கிடந்து உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். ஊதலும் சத்தியும் அங்கிருந்துதான் வருகின்றன. பிரக்டோஸுக்கு வேறு வாசல் உண்டு. சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். குடல் சுவரில் அது இரண்டாகப் பிரிந்து இரண்டு வாசலாலும் போகும். அதனால்தான் 60க்கு மேலே போக விரும்புகிறவருக்கு வெறும் குளுக்கோஸ் உதவாது.

இன்னும் ஒன்று. ஒரே எடையில் கரைத்தால் குளுக்கோஸ் கரைசலில் துகள்களின் எண்ணிக்கை சீனிக் கரைசலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. துகள் கூடக் கூட இரைப்பை மெதுவாகவே கீழே விடும். தவிர, கடைக் குளுக்கோஸ் தூள் பெரும்பாலும் நீர் மூலக்கூறு சேர்ந்த வகை, 100 கிராமில் 91 கிராம்தான் உண்மையான குளுக்கோஸ்.

சீனி மட்டும் என்றால் குளுக்கோஸ், பிரக்டோஸ் விகிதம் 1:1. பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 60, 70 கிராம் வரை இது போதும். 90க்குப் போகும்போது சிலருக்குப் பிரக்டோஸ் கூடி வயிறு கலக்கும். மோல்டோடெக்ஸ்ட்ரின் தூள் கிடைத்தால் அப்போது கலந்துகொள்ளுங்கள். அது குளுக்கோஸ் சங்கிலி, இனிப்பு மிகக் குறைவு, துகள் எண்ணிக்கையும் குறைவு. 60 கிராம் சீனிக்கு 30 கிராம் மோல்டோ சேர்த்தால் குளுக்கோஸ் 60, பிரக்டோஸ் 30, அதாவது 2:1. 80 சீனிக்கு 10 மோல்டோ என்றால் 50க்கு 40, இப்போது பலரும் விரும்பும் 1:0.8. இரண்டில் எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்பதை ஓடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மோல்டோ கிடைக்காவிட்டால் அதே எடைக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக் குளுக்கோஸ் தூள் போடலாம்.

குடலும் பழகும் உறுப்புத்தான். மணிக்கு 40 கிராமில் தொடங்கி வாரத்துக்கு 10 கிராமாகக் கூட்டுங்கள். தொழில்முறை வீரர்கள் 120 கிராம் எடுப்பதாகக் கேள்விப்பட்டு முதல் நாளே அதைச் செய்யவேண்டாம். அவர்கள் எரிக்கும் அளவும் வேறு, மாதக்கணக்கில் பழக்கிய குடலும் வேறு.

ஓட்டத்தில் விழுங்கும் வெளிநாட்டுச் சீனிப்பாகு ஜெல் விலை கட்டுப்படியாகவில்லை. சீனியும் தண்ணீரும் காய்ச்சி நானே செய்தேன். ஒருமுறை டொபி மாதிரி இறுகியது, மறுமுறை இரண்டாம் நாளே பிளாஸ்கின் அடியில் கற்கண்டு கட்டிவிட்டது.
– வாசகி, தெஹிவளை

இரண்டுக்கும் காரணம் ஒன்றே, தண்ணீர் ஆவியாகிப் போனது. நம் அறை வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு சீனி கரைந்து நிற்கும், அதற்கு மேல் நிற்காது. காய்ச்சும்போது கொஞ்சம் ஆவியானாலும் எல்லை தாண்டிவிடும். ஆறியதும் மேலதிகச் சீனி மணியாகக் கட்டும். இன்னும் அதிகம் ஆவியானால் டொபிதான்.

வெறும் சட்டியை முதலில் நிறுத்து எடையை எழுதிவையுங்கள். 200 கிராம் சீனி, 100 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி தேசிப்புளி. நடுத்தர நெருப்பில் சீனி முழுவதும் கரையும்வரை மட்டும் கிண்டுங்கள். சட்டியின் ஓரத்தில் ஒட்டிய மணிகளை நனைத்த தூரிகையால் வழித்து உள்ளே விடுங்கள், ஒரு மணி மிஞ்சினாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவை வளரும். பிறகு நெருப்பைக் குறைத்து, மூடிபோட்டு 15 நிமிடம், கிண்டவேண்டாம். புளியும் சூடும் சேர்ந்து சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிக்கும், அந்தக் கலவை மணி கட்டுவதைத் தடுக்கும். தேசிக்காயை வாசத்துக்கென்று நினைத்து விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் கற்கண்டு கட்டுகிறது. இறக்கி 2 கிராம் உப்புப் போட்டுக் கலக்குங்கள். ஆறியதும் சட்டியோடு நிறுத்துப் பாருங்கள், உள்ளே இருப்பது ஏறக்குறைய 305 கிராம் இருக்கவேண்டும். குறைந்தால் குறைந்த அளவுக்குக் கொதித்தாறிய தண்ணீர் விடுங்கள். பலரும் தவறவிடும் படி இதுதான்.

கிடைப்பது ஏறக்குறைய 225 மில்லிலீற்றர். 15 மில்லிலீற்றர் கரண்டியால் மூன்று கரண்டி, அதாவது 45 மில்லிலீற்றருக்கு 40 கிராம் காபோவைதரேற்று. 150 மில்லிலீற்றர் மென்பிளாஸ்கில் மூன்று முறைக்கு அடங்கும். கடை ஜெல்லைப் போலத் தடிப்பாக இராது, பாணி பதத்தில் ஒழுகும், விழுங்க அதுவே சுகம். தடிப்பு வேண்டுமென்றால் 130 சீனி, 70 மோல்டோ. மோல்டோவை நெருப்பிலிருந்து இறக்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் கட்டிபடும்.

ஒவ்வொரு முறையும் மேலே அரை லீற்றர் தண்ணீர் போகவேண்டும், ஒரே மூச்சில் அல்ல, அடுத்த அரை மணி நேரத்தில். பிறகு ஒரு மிடறு தண்ணீரால் வாயைக் கொப்பளித்து விழுங்குங்கள், பல்லுக்கு நல்லது. பிளாஸ்கின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்காமல் சைக்கிளில் வைத்தால் எறும்பு முந்திக்கொள்ளும்.

கித்துள் பாணியை அப்படியே ஜெல்லாகப் பாவிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாவிக்கலாம், வாசமும் அருமை. ஆனால் காய்ச்சிய பதம் போத்தலுக்குப் போத்தல் மாறும், அதனால் கிராம் கணக்குத் திட்டமாக நிற்காது.

ஜீவனி கரைத்துக் குடித்தால் போதாதா? உப்பும் குளுக்கோஸும் இரண்டும் இருக்கிறதே?
– வாசகர், மட்டக்குளி

அது வயிற்றோட்டத்துக்கான மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லீற்றரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான், நாலைந்து லீற்றர் குடித்தால்தான் ஒரு மணி நேரத்துக்கான 60 கிராம் சேரும். தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தர ஜீவனி மிகச் சிறந்தது, ஓட்டம் முடிந்து வீடு வந்தபின் குடியுங்கள். செவ்விளநீரும் அப்படித்தான். பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் அதிகமாகப் போகும் சோடியம் அதில் குறைவு.

கண்டி வரை ஓடும்போது மூன்று மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு என்றாலே திகட்டுகிறது. மெல்ல ஏதாவது வேண்டும்போல இருக்கிறது. மாலு பாண் சாப்பிட்டேன், கடுகண்ணாவை ஏற்றத்தில் அது நெஞ்சிலேயே நின்றது.
– வாசகர், வத்தளை

எண்ணெயும் மிளகாயும் மீனும் அந்த நேரத்துக்கு ஆகாது. பாற்சோற்றின் தம்பி ஒன்றைச் செய்யுங்கள். 300 கிராம் பச்சையரிசியைக் கழுவி, 750 மில்லிலீற்றர் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். 60 கிராம் சீனியும் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து மசியுங்கள். தேங்காய்ப்பால் விடவேண்டாம். சுவை குறையும் என்பது தெரியும், ஆனால் கொழுப்பு இரைப்பையை மந்தமாக்கும், நம் வெப்பத்தில் பாலும் சீக்கிரம் புளிக்கும். தட்டில் இரண்டு விரல் தடிப்புக்கு அழுத்திப் பரப்பி, ஆறியதும் பத்துத் துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டில் ஏறக்குறைய 30 கிராம். எண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றினால் ஒற்றைக் கையால் பிரிக்கலாம்.

இதில் கவனம் தேவை. சோற்றில் வேகவைத்தும் சாகாத கிருமி வித்துகள் உண்டு, அறை வெப்பத்தில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். இரவு செய்தால் விரைவாக ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், காலையில் புறப்படும்போது மட்டும் எடுங்கள். வெளியே எடுத்து நாலு மணி நேரத்துக்குள் முடியாததைக் கொட்டிவிடுங்கள்.

துண்டுகளைத் தட்டையான வீதியில் சாப்பிடுங்கள். மாவனெல்லைக்கு முன்னரே கடைசித் துண்டு இறங்கியிருக்கவேண்டும். ஏற்றத்தில் இரத்தம் காலுக்குப் போய்விடும், வயிற்றுக்கு மிஞ்சாது. அங்கே போத்தல் மட்டும்.

எனக்கு 52 வயது, நீரிழிவு. மருந்து எடுக்கிறேன். இந்தக் கணக்கு எனக்கும் பொருந்துமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

உங்கள் மருத்துவரிடம் மருந்துத் துண்டைக் கொண்டுபோய்க் கேட்காமல் பின்பற்றவேண்டாம் ஐயா. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு ஓட்டத்தில் சீனி தாழ்ந்துபோகும் அபாயம் குறைவு. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவருக்கு அந்த அபாயம் உண்மையானது, ஓட்ட நாளில் அளவை மாற்றவேண்டி வரலாம். புறப்படும் முன்னும் ஒவ்வொரு மணிக்கும் விரலில் குத்திப் பாருங்கள். தனியாக ஓடவேண்டாம், கூட வருபவருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்கட்டும்.

வழியில் கடையில் வாங்கும் சோடாவில் எத்தனை கிராம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, என் போத்தலில் கள்ளு மணக்கிறது.
– வாசகர், கல்கிசை

போத்தலின் முன்பக்கத்தில் நிறக் குறியீட்டோடு 100 மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் சீனி என்று அச்சிட்டிருக்கும். அதைப் போத்தலின் அளவால் பெருக்கி நூறால் வகுங்கள். 8 கிராம் என்றிருந்தால் 400 மில்லிலீற்றரில் 32. நாக்கை நம்பவேண்டாம். சீனியைக் குறைத்து இனிப்பூட்டி சேர்த்த பானமும் அதே இனிப்போடு இருக்கும், ஆனால் காலுக்குக் குறைவாகவே தரும். வாயு வெளியேறும்வரை மூடியைத் திறந்து குலுக்கிவிட்டுக் குடியுங்கள். தேத்தண்ணிக் கடையில் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்ரீ ஒன்று 13 கிராம் அளவில் வரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

கள்ளு மணம் நொதித்தலால் வருவது. சீனித் தண்ணீர் மிச்சத்தோடு போத்தலைப் பின்னேரம் வரை விட்டால் நம் சூட்டில் மதுவம் வேலையைத் தொடங்கிவிடும். வீடு வந்தவுடன் கழுவுங்கள். உறிஞ்சும் வாய்ப்பகுதியைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்த வெந்நீரில் அரை மணி ஊறவிட்டுச் சிறிய தூரிகையால் தேயுங்கள். கறுப்புப் புள்ளி அதற்கும் போகாவிட்டால் அந்த மூடியை மாற்றுங்கள். மூடியைப் போடாமல் கவிழ்த்து உலர்த்துங்கள், ஓடும் நாள் விடியற்காலையில் மட்டும் கலக்குங்கள்.