தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றம் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பயந்துவிட மாட்டார்களா?

பயப்படுவார்கள். சொல்லும் விதம் தவறினால் பயத்தைவிட மோசமான ஒன்றும் நடக்கும். அப்படி நடக்கக் காரணமாக இருந்தவள் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் நீங்கள் அண்மையில் பணியில் சேர்ந்த ஆசிரியர் என்று தோன்றுகிறது. பனிக்கட்டியின் மேல் தனியாக நிற்கும் பனிக்கரடிப் படம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பீர்கள். என்னிடமும் அப்படி ஒரு படம் இருந்தது.

பேராவூரணிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தென்னையை நம்பிப் பிழைக்கும் ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. விடிந்து வெளியே வந்தால், தோப்பு மறைத்துக்கொண்டிருந்த அடுத்த ஊர்க் கோயில் எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. மரங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன.

அதற்கு அடுத்த ஜூனில் சுற்றுச்சூழல் நாள் வந்தது. நான் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘மரத்தை வெட்டினால் புயல் வரும்.’ பிள்ளைகள் சேர்ந்து உரக்க வாசித்தார்கள். எளிமையாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

நான்கு நாள் கழித்து, நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா பள்ளிக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசல் தூணோரமாகவே நின்றார். “பையன் என்னோடு பேசமாட்டேன் என்கிறான் டீச்சர். நான் பரிமாறினால் சாப்பிடுவதில்லை” என்றார். கஜாவுக்கு முந்தைய கோடையில், தங்கையின் கல்யாணச் செலவுக்காக வயலோரத்துப் புளியமரத்தை அவர் விற்றிருக்கிறார். மரத்தை அறுத்தபோது பையன் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறான். அந்த நவம்பரில் புயல் வந்து, அறுபது தென்னையில் நான்குதான் மிஞ்சியது. நான் எழுதிப்போட்ட வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவன் கணக்குப் போட்டுவிட்டான். அப்பா மரத்தை வெட்டினார், புயல் வந்தது, ஊரே விழுந்தது.

“மரத்தை விற்றது தப்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். அதற்காக அந்தப் புயலை நானா கூட்டிக்கொண்டு வந்தேன்?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

‘ஆசிரியரே தப்பாகச் சொல்லிக்கொடுத்தாரா’ என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை. ஆனாலும் அது சாக்காகாது, படித்துத் தெரிந்துகொண்டு எழுதியிருக்க வேண்டும். மறுநாள் வகுப்பில் அந்த வாக்கியத்தை மறுபடி எழுதி, பிள்ளைகள் பார்க்கவே அழித்தேன். நான் சொன்னது தவறு என்றேன். கடல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயலுக்குத் தீனி கிடைக்கும் என்றும், வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகையில் புயல் வருவது அவர்களுடைய பாட்டன் காலத்துக்கு முன்பிருந்தே உள்ளதுதான் என்றும் சொன்னேன். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து வரும் கரியமில வாயு பூமிக்குக் கூடுதலாக ஒரு போர்வை போர்த்துகிறது. அதனால் கடல் சூடாகிறது. காற்றும் ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். ஆகவே வருகிற புயல் முன்பைவிட அதிக மழையைக் கொட்டக்கூடும். ஒரு புளியமரத்தை விற்றதற்காக ஒரு புயல் வராது. இதை அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

‘பிள்ளைகளுக்குப் பொறுப்புணர்ச்சி வர வேண்டாமா’ என்பார்கள். வரட்டும். ஆனால் யார் பொறுப்பு என்பதிலும் ஓர் அளவு இருக்கிறது. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறக் காரணமாகிறார் என்றால், ஓர் அமெரிக்கர் அதைப்போல் ஏழு மடங்கு. அந்த இரண்டு டன்னிலும் எங்கள் ஊர்ப் பிள்ளையின் பங்கு எவ்வளவு இருக்கும்? சைக்கிளில் பள்ளிக்கு வந்து, சட்டை கிழிந்தால் தைத்துப் போட்டுக்கொள்ளும் பிள்ளையிடம் ‘நீதான் பூமியைக் காப்பாற்ற வேண்டும்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு வேறு வழியில் தொடங்கினேன். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனல்போல வைத்து, நேரான பகுதியில் அளவுகோலை ஒட்டினால் அதுதான் மழைமானி. வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு எடுக்கிற அளவை நாங்களும் அதே நேரத்தில் எடுத்தோம். அந்தப் பையன்தான் முதல் ஆள். நான் சொல்லவில்லை, அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். இதைத் தெரிந்துகொண்ட அன்று, பள்ளிக்கூரையில் எத்தனை குடம் விழுந்திருக்கும் என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கப் பெருக்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் கணக்குப் பாடம் தனியாக நடத்தவில்லை. வீட்டுப் பெரியவர்கள் ‘ஒரு உழவு மழை’ என்று சொன்ன நாளில் பாட்டிலில் எவ்வளவு இருந்தது என்று எழுதிவைத்தார்கள். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று ஒரு பாட்டி சொல்லியனுப்பியதையும் நோட்டில் வைத்துச் சரிபார்த்தார்கள்.

பாட்டில் மழைமானி துல்லியம் இல்லை என்று எழுத வருபவர்களுக்கு: தெரியும். அளந்து எழுதும் பழக்கம்தான் எனக்கு வேண்டும்.

இதை எழுதும்போதே இன்னொன்றும் நெஞ்சில் முட்டுகிறது. ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டு ஆசிரியர்கள். சுற்றுச்சூழல் நாளன்று காலை பத்து மணிக்குள் மரம் நட்ட புகைப்படம் அனுப்ப வேண்டும். அந்த விழாவுக்கே பிளாஸ்டிக் பதாகை வரும். பிளாஸ்டிக் பையிலுள்ள கன்றை நட்டு, அந்தப் பையை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதாகி, பழுதுபார்க்க ஆள் வரவே இரண்டு மாதம் ஆனது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரைக் கன்றுக்கும் ஊற்றினார்கள். கன்று பிழைத்ததா என்று யாரும் படம் கேட்கவில்லை. இதோடு, ‘உங்களுக்கென்ன, மே மாதம் முழுக்க விடுமுறை’ என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லும்போது என்னால் சிரிக்க முடிவதில்லை. சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ‘காலநிலை மாற்றம்’ என்ற சொல்லே வேண்டாம் என்பது என் எண்ணம். வாசல் வேம்பு எப்போது பூக்கிறது, குளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, இவை போதும். மூன்றாம் வகுப்பிலிருந்து அளக்கலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் காரணம் சொல்லலாம், சரியான காரணத்தை மட்டும். பிள்ளை பயந்தால் அதை மறைக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே போவது, எதை எடுத்துக்கொள்வது என்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது அதில்தான்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அந்தப் பையன் மழைமானியையும் நோட்டையும் வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். 2021 நவம்பரில் மறுபடி திறந்தபோது அவன் பக்கத்து ஊரில் ஆறாம் வகுப்பு. ஒரு மாலை அப்பாவின் வண்டியில் வந்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். புரெவி புயல் வந்த டிசம்பர் வாரத்தில் நாளுக்கு இரண்டு முறை அளந்து எழுதியிருந்தான். வண்டியை நிறுத்திவிட்டு அவன் அப்பாவும் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். சில இடங்களில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

நோட்டு இன்னும் ஓடுகிறது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தபிறகு பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுவதால் 8.30 அளவு தவறுவதே இல்லை. காலநிலை என்று சொல்ல 30 ஆண்டுக் கணக்கு வேண்டும் என்று சொன்னதும், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரல் விட்டு எண்ணி, 2049 வரை எழுதப் புது நோட்டு எத்தனை வாங்க வேண்டும் என்று கேட்டாள். ஆண்டுக்கு ஒன்று என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள்.

நீங்கள் பாட்டில் செய்யும்போது அடியில் கூழாங்கல் போட்டு, அளவுகோலின் பூச்சியக் கோடு வரை தண்ணீர் ஊற்றிவையுங்கள். இல்லாவிட்டால் காற்றில் சாய்ந்துவிடும். எங்களுடையது முதல் வாரத்திலேயே சாய்ந்தது.