மஞ்சள் கட்டம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி நாட்களில் பிரவுசிங் சென்டரில், உலாவிக்குள் ஃபிளாஷ் பிளேயர் என்ற மென்பொருள் வழியே ஆடிய இரண்டு ஃபிளாஷ் விளையாட்டுகளைத் தேடிப் பிடித்து மீண்டும் ஆடினேன். ஒன்று, தடைகளைத் தாண்டிக் குதித்து ஓடுவது. அந்த மென்பொருளைப் போல நடித்துப் பழைய கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற எமுலேட்டரில் அது ஓடுகிறது, ஆனால் எழுத்துகள் பெட்டிக்கு வெளியே வழிகின்றன. முன்பு எளிதாகத் தாண்டிய இடங்களில் இப்போது விழுகிறேன். மற்றொன்று, பூட்டிய அறையிலிருந்து தப்பிப்பது. அதைக் கைப்பேசிக்காக யாரோ புதிதாக எழுதியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த விளையாட்டாகத் தோன்றவில்லை. பிழை விளையாட்டிலா, என் நினைவிலா?

ர.

அன்புள்ள ர.,

நினைவைச் சந்தேகிப்பதற்கு முன், நீங்கள் அன்று அமர்ந்திருந்த கணினியைச் சந்தேகியுங்கள். ஃபிளாஷ் விளையாட்டு ஒன்றின் காட்சி, கதாபாத்திரத்தின் அசைவு, மோதல் கணக்கு ஆகியவை பெரும்பாலும் ஃபிரேம்களோடு, அதாவது திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்களோடு, பிணைக்கப்பட்டே எழுதப்பட்டன. நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று கோப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும். கணினியால் அந்த வேகத்தில் வரைய முடியாதபோது ஃபிளாஷ் பிளேயர் ஃபிரேம்களைத் தாவிச் செல்லாமல் விளையாட்டு முழுவதையும் மெதுவாக்கிவிடும். திரையில் பொருள்கள் குவிந்த நேரத்தில், அதாவது ஆட்டம் மிகக் கடினமாக இருந்திருக்க வேண்டிய நேரத்தில், அந்தப் பழைய கணினி உங்களுக்கு இரக்கம் காட்டியிருக்கிறது. இன்று ரஃபிள் அதைக் கோப்பில் குறித்துள்ள வேகத்திலேயே ஓட்டுகிறது. ஆக, எழுதியவர் நினைத்த விளையாட்டை நீங்கள் இப்போதுதான் முதன்முறையாக ஆடுகிறீர்கள், விழுவதில் வியப்பில்லை.

எழுத்து வழிவதற்குக் காரணம் வேறு. கோப்பின் அளவைக் குறைப்பதற்காகப் பலர் எழுத்துருவை உள்ளே வைக்காமல், கணினியில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் வேறோர் எழுத்துரு வந்து அமரும்போது அகலம் மாறிவிடுகிறது. 2006-இல் ஃபிளாஷ் பிளேயர் 9 உடன் வந்த, ஃபிளாஷ் நிரல்மொழியின் புதிய பதிப்பான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 பிளேயருக்குள் முற்றிலும் புதிய நிரல் இயந்திரத்தில் இயங்குவது. ரஃபிள் குழுவினருக்கு அந்த இயந்திரத்தைத் தம் எமுலேட்டரில் மீண்டும் உருவாக்க அதிகக் காலம் பிடித்தது. உங்கள் விளையாட்டு அதற்கு முந்தையது என்றால், எழுத்தைத் தவிர மற்றவை ஏறக்குறையச் சரியாகவே இருக்கும்.

தப்பிக்கும் விளையாட்டுக்கு வருகிறேன். ஜப்பானியரான தோஷிமிட்சு தகாகி 2004-இல் உருவாக்கிய ‘கிரிம்சன் ரூம்’ பரவலாக்கிய வகை அது. ஓர் அறை, சில பொருள்கள், சரியான இடத்தில் சொடுக்காவிட்டால் எதுவும் நடக்காது என்ற பிடிவாதம். அக்காலத்தில் அவற்றை ஆடியவர்களுக்கு ஒரு குறுக்குவழி தெரியும்: டேப் விசையை அழுத்தினால், மறைந்திருக்கும் பொத்தான்களைச் சுற்றி ஒவ்வொன்றாக மஞ்சள் கட்டம் தோன்றும். விசைப்பலகையால் இயக்குவோருக்காக ஃபிளாஷ் பிளேயரே வரைந்த கட்டம் அது. விளையாட்டை எழுதியவர் ஒற்றை வரியில் அதை நிறுத்தியிருக்கலாம், பலர் நிறுத்தவில்லை. அரைமணி நேரக் கட்டணத்துக்குள் அறையைவிட்டு வெளியேற வேண்டியிருந்த பையனுக்கு அது எத்தனை பெரிய உதவி என்பதை நான் சொல்லத் தேவையில்லை. புதிதாக எழுதியவர் படங்களையும் புதிர்களையும் பார்த்து எழுதியிருப்பார். மூலக்கோப்பில் ஒரு வரியாகக்கூட இல்லாத மஞ்சள் கட்டத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? உங்களுக்குக் குறைவது அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மறு ஆக்கங்களை நான் வெறுப்பவன் அல்ல. யாகுப் துவோர்ஸ்கி பிராகில் மாணவராக இருந்தபோது 2003-இல் செய்த ‘சமோரோஸ்ட்’ விளையாட்டை, அவருடைய குழுவே 2021-இல் புதுப்பித்து இலவசமாக வெளியிட்டது; அது நன்றாகவே இருக்கிறது. ஆயினும் இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால் நான் பழைய கோப்பையே எடுப்பேன். எமுலேட்டரில் உள்ள குறை கோப்புக்கு வெளியே இருக்கிறது, அடுத்த பதிப்பில் சரியாகிவிடக்கூடும். மறு ஆக்கத்தின் குறையோ விளையாட்டின் உடலோடு கலந்துவிடுகிறது.

2020 டிசம்பர் 31-உடன், ஃபிளாஷ் பிளேயரை வெளியிட்டுவந்த அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே கோப்புகளைத் திறக்க மறுத்தது. ஆயினும் ஃப்ளாஷ்பாயிண்ட் திட்டத்தினர் அதற்கு முன்பிருந்தே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோப்பைத் தன் பழைய இணைய முகவரியிலேயே இருப்பதாக நம்பவைத்து, அந்த மறுப்பு இல்லாத பழைய பிளேயர் பதிப்பிலேயே ஓட்டுவது அவர்கள் முறை. உங்கள் அறை அங்கே கிடைத்தால் டேப் விசையை அழுத்திப் பாருங்கள். (விவசாய விளையாட்டான ‘ஃபார்ம்வில்’ போலச் சர்வரை நம்பி வாழ்ந்தவற்றுக்கு இந்த வழி உதவாது. வயல் அங்கே இருந்தது, உங்கள் கணினியில் அல்ல.)

குதிக்கும் விளையாட்டுக்கு இன்னொரு வழி உண்டு. ரஃபிள் அமைப்புகளில் கோப்பின் ஃபிரேம் வேகத்தை மீறி நாமே ஓர் எண்ணை இடலாம். நொடிக்கு 30 என்றிருந்தால் 22 என்று மாற்றுங்கள். போதவில்லை என்றால் இன்னும் இரண்டு குறையுங்கள். அந்தக் கடையின் மூன்றாம் நம்பர் கணினி எந்த எண்ணில் ஓடியது என்று கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.