பி.ஏ. தமிழ் எடுத்தால் கலெக்டர் ஆக முடியுமா?

வணக்கம் அம்மா. நீங்கள் அனுப்பிய நீளமான மெசேஜை இரண்டு தடவை படித்தேன். பிளஸ் டூவில் நல்ல மார்க், இன்ஜினியரிங் சீட்டும் கிடைக்கும், ஆனால் மகள் பி.ஏ. தமிழ் இலக்கியம்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள், ஏன் என்று கேட்டால் "கலெக்டர் ஆவேன்" என்கிறாள். கதை, கவிதை படிப்பதற்கும் கலெக்டர் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது, ஆனால் அவள் நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் பரீட்சை. கலெக்டர் ஆவதற்கான யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு எழுத எந்த டிகிரியும் போதும். மெயின்ஸில், அதாவது இரண்டாம் கட்ட எழுத்துத் தேர்வில், விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், தாளுக்கு 250 வீதம் 500 மார்க். எழுத்துத் தேர்வு மொத்தம் 1750. அந்த விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கியத்தை எடுக்கலாம், ஆனால் அதற்காக பி.ஏ. தமிழ் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது, இன்ஜினியரிங் முடித்தவர்களும் எடுத்து எழுதுகிறார்கள். அதனால் "பரீட்சைக்காகத்தான் தமிழ் எடுக்கிறேன்" என்று அவள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடித்திருக்கிறது, அதனால் எடுக்கிறேன் என்றால் மேலே பேசலாம்.

அந்த விருப்பப் பாடத்தின் பாடத்திட்டத்தில் புறநானூற்றிலிருந்து 182 முதல் 200 வரையிலான பாடல்கள் இருக்கின்றன. அதில் 184ஆம் பாட்டு பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் (மா என்பது பழைய நில அளவு) குறைந்த நிலத்து நெல்லே யானைக்குப் பல நாள் வரும், அதே யானை தானாக நூறு வயலுக்குள் இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு வீணாவதுதான் அதிகம் என்கிறார். வரி வாங்குகிறவனுக்குச் சொன்ன புத்தி இது. ராஜாவின் முகத்துக்கு நேரே யானையை வைத்தே சொல்லிவிட்டார் பாருங்கள், மேலதிகாரியிடம் கசப்பான விஷயத்தை எப்படிச் சொல்வது என்பதற்கும் அதுவே பாடம்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம் பாடமாக இருக்கிறது. கண்ணகி வாசலில் வந்து நிற்பதை ஒரு மனு என்று நினைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உள்ளே என்ன பரல் என்று தண்டனைக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கோவலன் உயிர் பிழைத்திருப்பான். பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரணை இல்லாமலே உத்தரவு போயிற்று. அவள் ராஜாவை "தேரா மன்னா" என்று கூப்பிடுவது சும்மா கோபத்தில் அல்ல, ஆராய்ந்து பார்க்காதவனே என்று குற்றத்தின் பெயரையே சொல்லிக் கூப்பிடுகிறாள்.

இப்போது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு பாட்டியின் மனு ஒன்றரைப் பக்கம் இருக்கும். புருஷன் செத்தது, மூத்த மகன் பேசாமல் போனது, பக்கத்து வீட்டுக்காரன் வேலி போட்டது எல்லாம் வரும், கடைசிக்கு முந்தின வரியில் வாரிசுச் சான்றிதழ் என்று ஒரு வார்த்தை இருக்கும். அவசரக்காரர் வேலித் தகராறு என்று எழுதிப் போலீசுக்குத் தள்ளிவிடுவார். நிதானமாகப் படித்துப் பழகியவருக்குத்தான் அந்த ஒரு வார்த்தை கண்ணில் படும். நான் சொல்கிற சம்பந்தம் இவ்வளவுதான், இதற்கு மேல் பெரிதாக்கிச் சொன்னால் அது பொய்.

இலக்கியம் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு, அலங்காரமாக எழுதுவது. கோப்பில் குறிப்பு எழுதும்போது "கண்ணீர்க் கடல்" எல்லாம் செல்லாது. என்ன நடந்தது, விதி என்ன சொல்கிறது, என்ன செய்யலாம், மூன்றே பத்தி.

அப்புறம், உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டிய கசப்பு ஒன்று. மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், ஆனால் முதல் கட்டமான பிரிலிம்ஸ் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். மெயின்ஸிலும் ஓர் ஆங்கிலத் தாளில் 300க்கு 75 எடுத்தே ஆக வேண்டும். பி.ஏ. தமிழ் வகுப்பில் ஆங்கிலம் துருப்பிடிக்கும், அதனால் முதல் வருஷத்திலிருந்தே தினமும் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள் கட்டாயம். பொருளாதாரமும் அரசியலமைப்பும் தானாக வராது, அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

பொதுப் பிரிவில் 32 வயது வரை ஆறு தடவைதான் எழுத முடியும். எனவே மாற்றுவழி வேண்டும். பி.எட். முடித்து ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு, பத்திரிகை எல்லாம் இருக்கின்றன. மாநில அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும், 200 கேள்வியில் 100 தமிழ், அதனால் 18 வயதானதும் காலேஜில் இருக்கும்போதே எழுதிப் பார்க்கலாம். கிடைத்தால் ஓர் அரசு ஆபீசில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்துகூட மேலே படிக்கலாம், அது இழுக்கு இல்லை.

கல்லூரி விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த 184ஆம் பாட்டை உரையோடு அவளிடம் கொடுத்து, இதைப் படித்த ஒரு தாசில்தார் தன் தாலுகாவில் நாளைக்கு என்ன மாற்றுவார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். எழுதியதை அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம்.