பாலிப் தேடும் மென்பொருள் ஏன் ஏமாறுகிறது?

கேள்வி: சி.டி. காலனோகிராபி (பெருங்குடலை வாயுவால் விரித்து எடுக்கும் சி.டி. ஸ்கேன்) படங்களில் பாலிப்பை (குடல் சுவரில் வளரும் சதை மொட்டை) காட்டிக்கொடுக்கும் மென்பொருளைப் போட்டிருக்கிறோம். ஒரே ஆளுக்கு ஏகப்பட்ட இடத்தில் வட்டம் போடுகிறது. பார்த்தால் பாதி குடல் மடிப்பு, மீதி மலத் துணுக்கு. எம்.ஏ.எஸ்.ஸை (கருவியின் மின்னோட்டமும் நேரமும் சேர்ந்த கதிர் அளவை) கூட்டினால் சரியாகுமா? (ஸ்கேன் டெக்னீஷியன் ஒருவர்)

பதில்: எம்.ஏ.எஸ்.ஸைக் கடைசியில் தொடுங்கள். குடலுக்குள் இருக்கும் வாயு மைனஸ் 1000 ஹவுன்ஸ்ஃபீல்டை (சி.டி. படத்தில் அடர்த்தியைக் காட்டும் அலகு) ஒட்டியிருக்கும்; சுவர் 40 சொச்சம். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் 120 கே.வி. (கதிர்க் குழாயின் மின்னழுத்தம்), 50 எம்.ஏ.எஸ்., அதற்கும் கீழேகூட இந்த ஸ்கேனை எடுக்க முடிகிறது. வழக்கமான வயிற்று ஸ்கேன் டோஸ் இதற்கு வீண்.

முதலில் ஸ்லைஸின் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின்) தடிமனைப் பாருங்கள். மென்பொருள் முக்கியமாகத் தேடுவது வடிவத்தை. மடிப்பு வரப்பு மாதிரி நீளும், பாலிப் மொட்டு மாதிரி நிற்கும். 6 மி.மீ. பாலிப் 5 மி.மீ. ஸ்லைஸில் ஒன்றிரண்டு படத்தில்தான் தலைகாட்டும். அதை வைத்து மொட்டா வரப்பா என்று எப்படிச் சொல்வது? தடிமன் 1 முதல் 1.25 மி.மீ., இடைவெளி 0.8 முதல் 1 மி.மீ. வையுங்கள். 350 மி.மீ. அகலப் பரப்பை 512 மேட்ரிக்ஸில் (வரிசைக்கு 512 புள்ளிகள்) எடுத்தால் பிக்சல் 0.68 மி.மீ.; மூன்று திசையிலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

அடுத்தது கெர்னல், அதாவது படத்தைக் கூர்மையாகவோ மென்மையாகவோ உருவாக்கும் கணக்கு முறை. 5 மி.மீ.யிலிருந்து 1.25க்கு இறங்கினாலே படத்தில் இரைச்சல் இரு மடங்கு. அதன்மேல் எலும்புக்கான கூர்மையான கெர்னலையும் போட்டால் சுவர் சொரசொரப்பாகி, ஒவ்வொரு சொரசொரப்பும் மொட்டாகிவிடும். மென்மையான கெர்னலே போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தவறான வட்டங்கள் மலக்குடல் பக்கமே குவிந்தால், இடுப்பெலும்பைத் தாண்டிப் போதிய கதிர் வரவில்லை என்று அர்த்தம். பருமனானவர்களிடம் இது சகஜம். தானியங்கி மின்னோட்டக் கட்டுப்பாட்டைப் போடுங்கள். எம்.ஏ.எஸ்.ஸைக் கூட்ட வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: மலத்துக்கு வெள்ளை ஏற்றும் டேக்கிங் மருந்தைக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. புழக்கத்தில் உள்ள ஒரு முறையில், ஸ்கேனுக்கு முந்தைய நாள் 2.1 சதவீத பேரியம் 250 மி.லி., பிறகு டையட்ரிசோயேட் 60 மி.லி. கொடுக்கிறார்கள். பேரியம் கெட்டியான துணுக்கை வெளுக்கும், அயோடின் கலந்த டையட்ரிசோயேட் குடலில் மிஞ்சிய நீரை வெளுக்கும். அயோடின் மருந்து ஒவ்வாதவரா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் அளவுக்கு மீறி வெளுத்தால், அதில் மூழ்கிய பாலிப்பின் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவீடும் பொய்யாக ஏறும். மென்பொருள் அதையும் மலம் என்று துடைத்துவிடும். வட்டங்கள் நீர்மட்டத்தை ஒட்டி வரிசையாக விழுந்தால் காரணம் வேறு: வாயுவின் மைனஸ் 1000இலிருந்து வெளுத்த நீரின் பல நூறுக்கு ஏறும் வழியில் 40ஐக் கடந்துதானே ஆக வேண்டும்? அந்த மெல்லிய கோடு சதை மாதிரித் தெரியும். மின்னணுச் சுத்திகரிப்பு (வெளுத்த நீரைப் படத்திலிருந்து நீக்கும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மல்லாந்து மட்டும் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. குப்புறப் படுக்க வைத்தால் நீரும் துணுக்கும் இடம் மாறும். பாலிப் பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே இருக்கும், காம்புள்ளது மட்டும் ஆடும். சுருங்கிக் கிடக்கும் குடலில் மென்பொருளுக்குச் சுவரே தெரியாது. வட்டம் விழவில்லை என்பதால் அங்கே ஒன்றுமில்லை என்று ஆகாது. கார்பன் டை ஆக்ஸைடைத் தானியங்கிக் கருவியால் 20 முதல் 25 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்தி, ஸ்கவுட் (முன்னோட்ட) படத்தில் குடல் விரிந்திருப்பதைப் பார்த்த பிறகே ஸ்கேனை ஓட்டுங்கள். சிக்மாய்டு (மலக்குடலுக்கு முந்தைய குடல் வளைவு) இரண்டு நிலையிலும் சுருங்கியே இருந்தால், வலப்பக்கம் சாய்த்து மூன்றாவதாக ஒன்று எடுங்கள். வாயு செலுத்த மலக்குடலில் வைத்த குழாயின் பலூனை ஒரு நிலையிலாவது காற்றிறக்கிவிடுங்கள். ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் பாலிப் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.