லோகோ, டொமைன், இடம் மாறிய கொம்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், டிசைனரிடம் கொடுத்த வேலை முடிந்து பணமும் கைமாறிய பிறகு எழுதப்பட்டவை. வேலை கொடுக்கும் முன்பே கேட்டிருந்தால் பலருடைய பணம் மிஞ்சியிருக்கும்.

டிசைனர் லோகோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடைப் பலகை செய்பவர் ‘வெக்டர் ஃபைல்’ கேட்கிறார். என்ன செய்வது? (திருப்பூர்)

எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத படம்தான் வெக்டர். டிசைனரிடம் ஏஐ (.ai, இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளின் ஃபைல்) அல்லது எஸ்விஜி (.svg) ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் படத்தைப் பத்தடிப் பலகைக்கு இழுத்தால் ஓரமெல்லாம் பிசிறு தட்டும். மூல ஃபைலும் சேர்த்துத்தான் விலையா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

கொடுங்கள், அது நியாயம். முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கணினியில் பளிச்சென்று இருந்த நீலம் விசிட்டிங் கார்டில் ஊதாவாக வந்திருக்கிறது. அச்சகத்தின் தவறா? (சேலம்)

பெரும்பாலும் இல்லை. திரை ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி; அச்சு சிஎம்ஒய்கே, அதாவது சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு மை. மின்னும் நீலம், கிளிப்பச்சை எல்லாம் நான்கு மையில் பிடிபடாது. ஃபைலைச் சிஎம்ஒய்கேயில், 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விட்டுக் கேளுங்கள். ஒரே ஒரு காகிதப் புரூஃப் (மாதிரி அச்சு) பார்த்த பிறகு ஆயிரம் அடிக்கலாம்.

எங்கள் இனிப்புக் கடைப் பெட்டியில் ‘பொங்கல்’ என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய்விட்டது. 2,000 பெட்டி அச்சாகிவிட்டது. பிடிஎஃப் வந்தபோது ‘ஓகே’ என்று பதில் அனுப்பியிருந்தேன், ஆனால் படிக்கவில்லை. டிசைனரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (விருதுநகர்)

படிக்காமல் எதற்கு ஓகே சொன்னீர்கள்? பெட்டி முழுவதும் இருபது சொல்கூட இருந்திருக்காது. ஒப்புதல் கொடுத்தவர் நீங்கள். செலவில் பாதியாவது உங்களுடையது.

டிசைனரையும் விடுவதற்கில்லை. பல ஆண்டுகளாக நான் மன்றாடிவரும் விஷயம் இது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் கொம்பு, மெய்க்குப் பிறகுதான் பதிவாகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதியை இயக்காவிட்டால் கொ, கே, பை எல்லாம் உடைந்துபோகும். அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல், தமிழைக் கண்ணால் பார்த்து ஒட்டும் படமாக நடத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிலர் இதற்குப் பயந்து, யூனிகோடு அல்லாத பழைய ஃபான்டான பாமினிக்கு ஓடுகிறார்கள். பாமினி ஃபைலுக்குள் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் அதுதான் தெரியும். இணையதளத்தில் போட்டால், உங்கள் கடையைத் தமிழில் தேடுகிறவருக்குக் கடை அகப்படாது. தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரான், ஹிந்த் மதுரை என்று வணிகத்துக்கும் இலவசமான நல்ல ஃபான்ட்கள் கிடைக்கின்றன.

உள்ளடக்கத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுங்கள். கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பாதீர்கள். புரூஃப் வந்ததும் கொம்பு, ஒற்று, துணைக்கால் மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். தமிழ் நன்றாகப் படிக்கும் இன்னொருவரிடமும் காட்டுங்கள். அதன் பிறகு ஓகேயை எழுத்தில் கொடுங்கள்.

எங்கள் இணையதளத்தின் டொமைன் (இணைய முகவரி) டிசைனர் பெயரில் இருக்கிறது. இப்போது போனை எடுப்பதில்லை. (தஞ்சாவூர்)

அவருக்குப் பாக்கி ஏதாவது வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இருந்தால் முதலில் தீர்த்துவிட்டு, டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளராகக் கருதப்படுவார். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் முடிகிற பதிவு. உங்கள் மின்னஞ்சல், உங்கள் கார்டில் நீங்களே செய்து, டிசைனருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுத்திருக்கலாம்.

முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். லோகோ என்னுடையதுதானே? (கோவை)

தானாக ஆகிவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையில் இருப்பவர் வரைந்தால் உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்சர் (சம்பளத்தில் இல்லாமல் தனியாக வேலை செய்து கொடுப்பவர்) வரைந்தால் பொதுவாக வரைந்தவருக்கே. உரிமை மாற்றத்தை எழுத்தில், கையெழுத்துடன் வாங்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.

எத்தனை முறை திருத்தம் கேட்கலாம்? (மதுரை)

பேசியபடி; வழக்கமாக இரண்டு அல்லது மூன்று. ‘இன்னும் கொஞ்சம் எடுப்பாக’ என்பது திருத்தம் ஆகாது. எந்த எழுத்து, எந்த நிறம், எவ்வளவு பெரிதாக என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லோரிடமும் கேட்டு, ஒரே பட்டியலாக அனுப்புங்கள்.