பத்திரம் சுத்தம், கட்டடம்?

கேள்வி: தாம்பரம் அருகே 2011-இல் கட்டிய தனி வீடு ஒன்றை விலை பேசியிருக்கிறோம். அனுமதி தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும்தான். மொட்டைமாடியில் கழிவறையுடன் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பக்கச் சந்துக்குள் ஒரு குளியலறையும் நீண்டிருக்கிறது. “வில்லங்கம் சுத்தம், வரி கட்டுகிறோம், பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்” என்கிறார் உரிமையாளர். வெள்ளிக்கிழமை இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டாம். வீட்டையே விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் சொன்ன மூன்று சமாதானங்களில் ஒன்றுகூட உங்களைக் காப்பாற்றாது என்பதுதான் காரணம்.

வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். அனுமதியை மீறி எழுப்பிய சுவர் அதில் ஏறாது. பட்டா நிலத்தைத்தான் பேசும். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் கட்டடத்தை முறையாக்கிவிடாது. மூன்றாவதாக, வரன்முறை, அதாவது அனுமதியை மீறிய கட்டடத்தை அரசு பின்னர் முறையானதாக ஏற்பது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு 1.7.2007-க்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கானது. உங்கள் வீடு 2011-இல் கட்டியது. அந்தக் கதவு இதற்குத் திறக்காது.

அதே சட்டத்தின் 56-ஆவது பிரிவு, அனுமதியில்லாத பகுதியை அகற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும் அதிகாரத்தைத் தருகிறது. கட்டியவர் யார் என்று பார்த்து அந்த நோட்டீஸ் வருவதில்லை. அன்றைய தேதியில் உரிமையாளர் யாரோ அவர் பெயருக்கே வரும். பெரும்பாலும் பக்கத்து வீட்டாரின் புகாரில்தான் இது தொடங்கும். வங்கிக் கடனிலும் சிக்கல் உண்டு. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற வரைபடத்தை வைத்துத்தான் அளப்பார். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான பணி நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் மீது கடன் தரவேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. சிறிய வீடுகளுக்கு விதிகளில் அந்தச் சான்றிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் அனுமதியை மீறிய வீட்டுக்கு அந்த விலக்கைக் காட்டி வங்கியைச் சமாதானப்படுத்துவது கடினம்.

இனி செய்யவேண்டியது. முத்திரையிட்ட அனுமதி வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால், உள்ளாட்சி அலுவலகத்தில் அவரே நகல் வாங்கித் தரட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நீங்களும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். நகல் கைக்கு வந்ததும் டேப்புடன் வீட்டைச் சுற்றி வாருங்கள். நான் அளந்த ஒரு வீட்டில் வரைபடம் பக்கச் சந்தை ஒன்றரை மீட்டர் என்றது. டேப்பில் எழுபது சென்டிமீட்டர்தான் வந்தது. அங்கே சந்துக்குள் கட்டிய குளியலறையின் தரைக்கு அடியில் செப்டிக் டேங்கின் மூடி மாட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பினால் டைல்ஸை உடைத்துத்தான் திறக்கவேண்டும். நீங்கள் வாங்கும் வீட்டின் சந்திலும் நின்று கீழே குனிந்து பாருங்கள்.

மாடியில் இருப்பதெல்லாம் விதிமீறல் அல்ல. படிக்கட்டுக் கூண்டும் தண்ணீர்த் தொட்டியும் பொதுவாகத் தளக் கணக்கில் சேராது. வாடகைக்கு விட்ட அறை சேரும்.

உங்கள் வீட்டில் மாடியறையையும் குளியலறையையும் இடிக்க முடியும். வீட்டின் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் ஆபத்தில்லை என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சொன்னால் போதும். அதனால் பேரம் பேசலாம். ஒரு முழுத் தளமே அனுமதியில்லாமல் நின்றிருந்தால் விட்டுவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். விலையை அனுமதி பெற்ற பரப்புக்கு மட்டும் பேசுங்கள். மாடியறையின் வாடகையை வருமானமாகக் கணக்கிட வேண்டாம். கிரய ஒப்பந்தத்தில் இரண்டு மீறல்களையும் அளவுடன் எழுதுங்கள். கிரயத்துக்கு முன் அவர் தம் செலவில் அகற்றவேண்டும், அகற்றாவிட்டாலோ இதன் பொருட்டு வங்கி கடன் மறுத்தாலோ முன்பணம் முழுவதும் திரும்பவேண்டும் என்பது அதில் இருக்கட்டும்.

விற்பவருக்கும் இதில் நன்மை இருக்கிறது. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாகவேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. எழுத்தில் சொல்லிவிட்டால் பின்னாளில் அவர் நீதிமன்றத்தில் நிற்கவேண்டியிருக்காது. ஆனால் இந்தப் பிரிவை நம்பி நீங்கள் வாங்கக்கூடாது. மாடியறை கண்ணெதிரே நிற்கிறது. தெரியாது என்று உங்களால் வாதாட முடியாது.

வரைபட நகலும், மேற்படி நிபந்தனைகளுடன் கையெழுத்தான ஒப்பந்தமும் கைக்கு வரும் நாளில் அந்த இரண்டு லட்சத்தைக் காசோலையாகக் கொடுங்கள்.