ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூரு போகிறோம், வழியில் எங்கெல்லாம் நிற்கலாம்?

நான் கூடலூர்க்காரி. மூன்று வருடம் கல்லூரிக்காக ஊட்டிக்கும் வீட்டுக்குமாகப் பேருந்தில் போய்வந்த சாலை இது. சுமார் 50 கிலோமீட்டர்தான், ஆனால் இதற்கென்றே அரை நாள் ஒதுக்குங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டால் கூட்டமும் இருக்காது, மூடுபனியும் இறங்கியிருக்காது.

தலைகுந்தா பக்கம் பைன் மரக்காடும், அதற்குக் கீழே காமராஜ் சாகர் நீர்த்தேக்கமும் வரும். எல்லோரும் படம் எடுக்கும் இடம். அழகுதான், பத்து நிமிடம் போதும்.

நிதானமாக நிற்க வேண்டியது ஷூட்டிங் மட்டத்தில். புல் மேடுகள் அலை அலையாகப் போகும். இரண்டு மேடுகள் சேரும் மடிப்பைப் பாருங்கள், கரும்பச்சையாகக் குட்டை மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதுதான் சோலை. மழைத் தண்ணீரைப் புல்லும் சோலையும் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. சாலையோரம் உயரமாக நிற்கும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) இந்த மண்ணுடையவை அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. கற்பூர மரம் விறகுக்கு, சீகைப் பட்டை தோல் பதனிட. என்னோடு படித்த தோடர் பழங்குடித் தோழி ஒருநாள் பேருந்து ஜன்னல் வழியாக ஒரு சீகைக் காட்டைக் காட்டி, “இதெல்லாம் எங்க எருமை மேய்ஞ்ச புல்லு” என்றாள். அதுவரை அதைக் காடு என்றே நினைத்திருந்தேன். அன்றிலிருந்து இந்தச் சாலையில் என் கண் முதலில் தேடுவது புல்லைத்தான்.

அடுத்து பைக்காரா. ஏரி என்கிறோமே, அதுவும் அணைதான். முக்குருத்தி பக்கத்துச் சோலைகளின் தண்ணீர் இங்கே வருகிறது. 1932 முதல் இந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். மலையிறங்கி மாயாற்றில் கலந்து, கடைசியில் பவானிசாகருக்குப் போய்ச் சேருகிறது. ஈரோட்டுப் பக்கத்து வயலுக்குப் பாயும் தண்ணீரில் இந்த மேட்டுப் புல்லுக்கும் பங்கு உண்டு. படகு சவாரிக்கு வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மழைக்காலம் என்றால் அருவியைப் பாருங்கள்.

நடுவட்டத்தில் ஒரு டீ குடியுங்கள். ஒரு காலத்தில் மலேரியா மருந்தான கொய்னாவுக்காக இங்கே சின்கோனா பயிரிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். இப்போது எங்கும் தேயிலை. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. என் பாட்டி கொழுந்து பறித்ததும் அப்படி ஒரு தோட்டத்தில்தான்.

அங்கிருந்து ஒரே இறக்கம். ஊசிமலைக் காட்சிமுனையில் மேகம் இல்லாவிட்டால் கூடலூர்ப் பள்ளத்தாக்கும் முதுமலைக் காடும் விரிந்து தெரியும். மேகம் மூடியிருந்தால் அரை மணி காத்திருங்கள், திறந்தாலும் திறக்கும். ஜூன், ஜூலையில் அந்த நம்பிக்கை வேண்டாம், இந்தச் சரிவில் மழை விடாது.

அப்புறம், ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். வெளி மாவட்ட வண்டி என்றால் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். கூடலூர் தாண்டி மைசூரு போகும் வழியில் வரும் பந்திப்பூர்க் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் மாலையிலேயே கூடலூரைத் தாண்டிவிடுங்கள்.